ரேகை விழாத விரல்கள்

மாத்திரை தீர்கிறது, ஆள் வரவில்லை. இந்த இரண்டும் ஒரே இடத்தில் எப்படி நடக்கும் என்ற கேள்வி அந்த வாரம் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்தக் கணினிப் பணியாளர். ஆண்டிமடத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு துணை சுகாதார நிலையத்தை மூடி, பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொன்றோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு. செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. நாளொன்றுக்குப் பத்துப் பேருக்குக் குறைவாக வரும் நிலையங்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன. இங்கே நான்கு பேர்தான். ஆனால் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அந்த நான்கு பேருக்கு வேண்டியதைப் போலப் பத்து மடங்கு தீர்ந்துகொண்டிருந்தன.

"அந்த நர்ஸு வெளியில வித்துத் தள்ளுது போல. கிராம சபைல கேப்பானுங்க. நீயே போயி கணக்கச் சொல்லிட்டு வா பிரவீணா" என்றார் மேற்பார்வையாளர் பிரசாத், டீயை ஊதிக்கொண்டே.

கிராம சபை மே ஒன்றாம் தேதி. நான் முந்தின நாளே போனேன். நர்ஸ் ராசாத்தி அக்காவைப் பார்த்ததும், திருடுகிறவர் மாதிரித் தெரியவில்லையே என்று தோன்றியது. திருடுகிறவர் எப்படித் தெரிவார் என்பதும் எனக்குத் தெரியாதுதான்.

வாசல் பெஞ்சில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வந்தவர் செங்கமலம் என்ற அம்மா. வருகையைப் பதியும் கைரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. புடவையில் துடைத்து மறுபடி வைத்தார். சிவப்பு. மூன்றாவது தடவையும் சிவப்பு. ராசாத்தி அக்கா எதுவும் நடக்காதது போல மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்.

"பதிவாகலயேக்கா?"

"எப்ப ஆயிருக்கு? வருசம் பூரா முந்திரி உடைக்கிற கை. அந்தத் தோட்டு எண்ணெ பட்டுப் பட்டு ரேகையெல்லாம் போயிடுச்சு. அதுக்காக மாத்திர குடுக்காம அனுப்பவா?"

"ரேசன் கடையில ரேக விழலன்னு மிசின்ல கண்ணக் காட்டுறோம். இங்கயும் வேணா கண்ணடிக்கவா?" என்றார் செங்கமலம். பெஞ்ச் மொத்தமும் சிரித்தது.

நான் அவர் கையை வாங்கிப் பார்த்தேன். எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூர்ப் பக்கம் அரும்பாவூர். சின்ன வெங்காயம் ஆய்ந்த கைகள் எனக்குப் பழக்கம்; முந்திரி உடைத்த கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விரல் நுனி கூழாங்கல் போல வழவழப்பாக இருந்தது.

"இத ஆபீஸ்ல சொல்லக்கூடாதாக்கா?"

"நான் என்னத்தச் சொல்றது? தோல்வி தோல்வின்னு ஒவ்வொண்ணையும் மிசினே உங்களுக்கு அனுப்பிடுதாமே."

அனுப்புகிறது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து, மாதக் கடைசியில் அந்த வரிகளை மொத்தமாக அழிப்பது நான்தான். மூன்று வருடமாக. அழித்த பிறகு பட்டியல் சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தம் எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம். ஆளுங்கட்சி சாமிதுரையும் எதிர்க்கட்சி அய்யம்பெருமாளும் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியவே தூக்கப் பாக்குறீங்களேய்யா!"

"டெல்லிலேர்ந்து பணம் வந்தாத்தானே நடத்த முடியும்?"

"எதுக்கெடுத்தாலும் டெல்லி. உன் வூட்டுல கொழம்பு கருகுனாலும் டெல்லிதானா?"

"உங்க ஆட்சில ஒரு ஓடு மாத்துனீங்களா? பேச வந்துட்டாரு!"

சண்டை சுற்றிச் சுற்றி வந்து, இருவருக்கும் ஒத்துப்போன ஒரே இடத்தில் நின்றது. "நாலு பேருதான் வர்றாங்கன்னா, மாத்திரையெல்லாம் எங்கம்மா போவுது?" என்றார் சாமிதுரை. அய்யம்பெருமாளும் திரும்பிப் பார்த்தார். ராசாத்தி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. புதுப்பிக்கப் பிரசாத் சார் கையெழுத்துப் போட வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று என்னையே வேடிக்கை பார்த்தேன். ஒன்றும் ஆகாது. அந்த ஒன்றும் ஆகாததுதான் பயமாக இருந்தது.

எழுந்தேன். "அந்த நாலு, நான் அழிச்சது போக மிச்சம்ங்க."

எல்லாம் சொல்லி முடித்தேன்.

"அழிச்சியா? யாரு சொல்லிம்மா?" என்றார் சாமிதுரை.

"யாரும் சொல்லலங்க."

"பாத்தீங்களா, சதி!" என்று அய்யம்பெருமாள் துள்ளினார். என் தவறு, என் கண்ணெதிரே, அவருடைய ஆயுதமாகிக்கொண்டிருந்தது.

"இருங்கய்யா. மூடக்கூடாதுன்னு தீர்மானம் எழுதுங்க மொதல்ல" என்றார் செங்கமலம்.

ஊராட்சிச் செயலாளர் அருள்முருகன் எழுதினார். கையெழுத்துத் தெரிந்தவர்கள் போட்டார்கள். மற்றப் பெண்கள் வரிசையாக வந்து மை தொட்டு வைத்தார்கள். ஊதா ஊதாவாக வட்டங்கள். எதிலும் ஒரு கோடு இல்லை.

அவர் தாளைத் தூக்கிப் பிடித்துத் தயங்கினார். "ரேகையே விழலையே. இது செல்லுமா?"

"வெரல் விழுந்திருக்குல்ல தம்பி? எண்ணு" என்றார் செங்கமலம்.

அவர் எண்ணத் தொடங்கினார். நானும் எண்ணினேன். நாற்பத்து மூன்று.

ஏப்ரல் மாதத் தோல்விகளை நான் இன்னும் அழிக்கவில்லை. இந்த அலைச்சலில் மறந்திருந்தேன். நாளைக் காலை பிரசாத் சார் வருவதற்குள் அவற்றை அச்செடுத்து, இந்தத் தாளோடு சேர்த்துவைக்க வேண்டும்.