உடம்பு தேறியவன்

தம்பி எலும்பும் தோலுமாய்க் கிடந்ததை அக்கா மறக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியாது. எச்.ஐ.வி என்று தெரிந்ததும் பிறந்த வீட்டுக்குப் போன அவன் மனைவி திரும்பவே இல்லை. பேக்கரியில் வேலை பார்த்த அக்காதான் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

மாத்திரை வேலை செய்தது. அவளும் சும்மா இருக்கவில்லை. முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, கடையில் மிஞ்சிய கேக் என்று ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். கன்னம் நிரம்பியது. அவன் மறுபடி வெல்டிங் பட்டறைக்குப் போனான். "அக்கா கை ராசி, கதவுக்குள்ள நுழைய மாட்டேங்குறியே!" என்று அங்கே கேலி செய்தார்களாம். கேட்டபோது அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

சில வருடம் கழித்து மாத்திரையை மாற்றினார்கள். பரிசோதனையில் கிருமி தட்டுப்படவே இல்லை. ஆனால் இடுப்பு பெருத்துக்கொண்டே போனது. சர்க்கரையும் கொழுப்பும் ஏறின. டாக்டரம்மா அக்காவையும் உட்கார வைத்துப் பேசினார்.

"இந்த மாத்திரை சில பேருக்கு எடையைக் கூட்டும்மா. உங்க அப்பாவுக்கும் சர்க்கரை, இவருக்கும் ஏற்கெனவே உடம்பு வச்சிருக்கு. அதோட இனிப்பும் எண்ணெயுமா போனா இதயம் தாங்காது. மாத்திரையை நிறுத்தவே கூடாது. சாப்பாட்டை மாத்துங்க."

"அப்போ நான் போட்டதுதான் தப்பா?"

"அன்னைக்கு அது தேவைப்பட்டுச்சு. இப்ப வேண்டாம், அவ்வளவுதான்."

கேக் வருவது நின்றது. சோறு குறைந்து காய்கறி கூடியது. சாயங்காலம் இருவரும் நடந்தார்கள். சட்டை தளர்ந்தது, சர்க்கரையும் இறங்கியது.

ஒருநாள் அவன் பேயறைந்தவன் போல வீட்டுக்கு வந்தான்.

"முதலாளி கேக்கறாருக்கா. 'என்னடா இப்படி இளைச்சுட்டே, ரத்தம் டெஸ்ட் பண்ணியா'ன்னு. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அக்கறையில கேட்டிருப்பாருடா."

"உனக்குப் புரியாது. நான் குண்டா இருந்தப்ப ஒருத்தன் கேட்டானா? அந்தத் தொப்பைதான் எனக்கு வேலி."

அதற்குப் பிறகு வீட்டில் கொறித்துவிட்டு வெளியே சாப்பிட ஆரம்பித்தான். சட்டையில் எண்ணெய் வாடை அடித்தது. அவள் திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். "வேலை போனா என்னை யாரு சேத்துப்பா?" என்றான். எப்படியும் தின்னத்தான் போகிறான், என் கையாலேயே தின்னட்டும் என்று மனசு விட்டுப்போனது. மறுபடி கேக் வாங்கி வந்தாள். தொப்பை திரும்பியது. டாக்டரம்மா கோபித்துக்கொண்டு சர்க்கரைக்கும் மாத்திரை எழுதினார்.

ஒரு மத்தியானம் இரும்புக் கதவைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"கல்லு மாதிரி இருந்தானே! ஒரு நோய் நொடி கிடையாதே!" என்று வந்தவர்களெல்லாம் அழுதார்கள். எல்லாரும் போன பிறகு முதலாளி மட்டும் அவளருகே உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நடுவுல அவன் இளைச்சப்ப பயந்துட்டேன்மா. எங்க அண்ணனும் அப்படித்தான் இளைச்சுப் போனான். அவனுக்கு எச்.ஐ.வி. அப்போ மாத்திரை கிடைக்காத காலம். கடைசி வரைக்கும் நான்தான் தூக்கிக் குளிப்பாட்டினேன். உன் தம்பிக்கும் அப்படி இருந்தா துணையா நிக்கலாம்னுதான் டெஸ்ட் பத்திக் கேட்டேன். அவன் முகம் மாறிப்போச்சு. அதுக்கு மேல கேக்கலை."

அதுவரை வெளியாள் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

"அவனுக்கும் அதுதாண்ணே."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா" என்று தேம்பினார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவர அக்கா எழுந்தாள்.