கீழுதடு

இந்துப்ரியா கீழுதட்டில் ஊசியால் நிறம் குத்தி முடித்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். "இப்ப ஆரஞ்சாத்தான் தெரியும் அக்கா, பயந்துராதீங்க. முதல்ல ஆரஞ்சு போட்டுக் கருப்பை வெட்டணும்ல. தோல் உரிஞ்சப்புறம் ரெண்டாவது தடவை போடையில ரோஸ் வந்துரும்." மேலுதட்டில் மரத்துப்போகும் கிரீமை மறுபடி தடவினாள். கே.கே. நகரில் மாடியில் இருந்த அந்தப் பார்லரில் ஏசி குளிர் எலும்பு வரை போனது. என் வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

தலைமாட்டில் ஹம்சவேணி அத்தை உட்கார்ந்திருந்தார். வரும் தையில் எனக்கு மாமியார் ஆகப்போகிறவர். இந்துப்ரியா அவருடைய அண்ணன் மகள். "அம்மா ஆசைப்படுறாங்க பவா, எனக்காக" என்று விஜய்ஆனந்த் கெஞ்சியதால்தான் வந்து படுத்தேன். பெரியவர் முதல்முதலாக ஒன்று கேட்கிறார், இதில் என்ன குறைந்துவிடப் போகிறேன் என்று என் அம்மாவிடமும் நானே சமாதானம் சொன்னேன். அம்மா தன் கருத்த உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அத்தையும் இந்துப்ரியாவும் அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது புரியும் என்பது விஜய்க்கு மட்டும்தான் தெரியும். வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து இரண்டு வருஷமாக வார்த்தை வார்த்தையாகக் கற்றது. கல்யாணத்தன்று அத்தையிடம் பேசி அசத்த வேண்டும் என்று பொத்தி வைத்திருந்தேன்.

"உதடு இம்புட்டுக் கருப்பா இருந்தா எந்த ஆளுங்கன்னு கேப்பாங்கல்ல" என்றார் அத்தை அந்த மொழியில். "எனக்கு இதெல்லாம் எங்க தோணுது? விஜய்தான் சொன்னான். இதை மாத்திட்டா மண்டபத்துல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களாம்."

பிறகு தமிழில், "கொஞ்ச நேரம்தாம்மா, பொறுத்துக்க" என்று என் நெற்றியைத் தடவிக் கொடுத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அத்தை மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை, அவர் மனதில் இருந்ததைச் சொன்னார். இவனுக்கு என்ன வந்தது? என் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று சொன்னவன். அம்மா பெயரைச் சொல்லி என்னைக் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறான். துப்பட்டாவால் கிரீமை வழித்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"அக்கா, மேலுதடு பாக்கி இருக்கு!"

வெளியே சோபாவில் விஜய் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் நின்று, அவன் கற்றுக்கொடுத்த மொழியிலேயே, மரத்த வாயால் குழறிக் குழறிக் கேட்டேன்.

"இது யாரோட யோசனை?"

எச்சில் தாடையில் வழிந்தது. பின்னால் வந்த அத்தை கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். விஜய் அம்மாவைப் பார்த்தான், பிறகு என் வாயைப் பார்த்தான்.

"பவா, முதல்ல உள்ள போய் மேலயும் முடிச்சுட்டு வந்துரு" என்றான் தமிழில், குரலைத் தாழ்த்தி. "பாதியில விட்டா அசிங்கமா இருக்கும்."

நான் படியிறங்கி ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னம்மா, வாயில அடியா?" என்றார்.

"ஆமாண்ணே."

மடியில் போன் அதிர்ந்துகொண்டே வந்தது. மரத்தது விட்டு கீழுதடு எரிய ஆரம்பித்தது. அந்தக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். கீழே யாருடையதோ ஒரு உதடு, ஆரஞ்சாக வீங்கியிருந்தது. அதற்கு மேலே, கருப்பாக, அம்மாவுடையது.