இறக்கத்தில் நின்ற வண்டி

அப்பாவை ஏற்றியிருந்த அமரர் ஊர்தி தானாக நகரத் தொடங்கியதை முதலில் பார்த்தவள் மகள்தான். டிரைவர் கீழே நின்று சித்தப்பாவிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். தெருவோ நல்ல இறக்கம்.

“கல்லைப் போடுங்க! சக்கரத்துக்குக் கல்லைப் போடுங்க!” என்று கத்தினார் சித்தப்பா. எல்லோரும் கல்லைத் தேடி ஆளுக்கொரு பக்கம் ஓட, அவள் செருப்பை உதறிவிட்டு வண்டியோடு ஓடினாள். கதவைத் திறந்து, பாதி உடம்பை உள்ளே திணித்து, ஹேண்ட்பிரேக்கை ஒரே இழுப்பாக இழுத்தாள். கறகறவென்று சத்தம். கீழ்வீட்டுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.



அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், சொந்த மகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்குள் தலையால் தண்ணீர் குடித்தார். ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலே ஓட்டுவாள். தீய்ந்த வாடை வீடு வரை வரும். வீட்டிலும் அந்தச் சொல்லுக்கு ஓய்வில்லை. அம்மா பேச ஆரம்பித்தால் “ஹேண்ட்பிரேக் போடும்மா” என்பார். அவர் மூன்றாம் முறை தட்டை நீட்டினால் அம்மா அதையே திருப்பிச் சொல்வாள். நேற்று ஆஸ்பத்திரியில்கூட, கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் குழாயைக் காட்டி, “இந்த ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடு தாயி, கெளம்பிடுறேன்” என்று நர்ஸைச் சிரிக்க வைத்தார். சாயங்காலம் கிளம்பிவிட்டார்.

டிரைவர் முகம் வெளிறிப்போய்க் கைகூப்பினார். “மறந்துட்டேம்மா, மன்னிச்சிடுங்க.”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ யாருகிட்டப்பா வண்டி கத்துக்கிட்ட?”

அவர் தலை குனிந்தார். “மாஸ்டர்கிட்டதாம்மா.”

அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அத்தை ஓடி வந்து அணைத்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். “உள்ள படுத்துக்கிட்டு உன்னை என்ன திட்டு திட்டுறாரோ!” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவ்வளவுதான். கையில் பெரிய கல்லோடு திரும்பி வந்த சித்தப்பாகூட அதைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

டிரைவருக்கு மறுபடி ஸ்டியரிங்கைத் தொடத் துணிவு வரவில்லை. “அக்கா, நீங்களே ஓட்டுறீங்களா?” என்று சாவியை நீட்டினார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அம்மா பக்கத்தில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, “மொதல்ல அதை எடுத்துட்டு ஓட்டுடி” என்றாள்.

வண்டி மெல்ல இறங்கியது. வளைவுக்கு வெகு முன்பே அவள் இடப்பக்க சிக்னலைப் போட்டாள். கண்ணாடியில், பின்னால் வந்த அப்பாவின் மாணவர்களுடைய கார்களில் ஒவ்வொன்றாக மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கியது, தெருவின் மேல்கோடி வரை.