மூன்று தரம் கூப்பிட்டாள் காத்தாயி

என் புருசனுக்குக் கூத்துப் பைத்தியம். சம்பந்தம் பேச வந்தபோதே என் அண்ணன் சொன்னான்: "மாப்பிள்ளைக்குக் குடி இல்ல, சீட்டாட்டம் இல்ல, கூத்து மட்டுந்தான்." குடிகாரனையாவது விடிந்ததும் திட்டலாம். கூத்துக்காரனைத் திட்டினால் அதையும் பாட்டாகக் கட்டிவிடுவான். புருசன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்பார்கள். எழுதினால் குற்றமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் பேர் கணேசமூர்த்தி.

இலங்கை மலைநாட்டில் டயகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். மாசி மாதம் மாரியம்மன் திருவிழாவில் வருசா வருசம் கூத்து நடக்கும். ஒரு வருசம் மன்மதனை எரிப்பார்கள், ஒரு வருசம் அர்ச்சுனனைத் தவசு மரத்தில் ஏற்றுவார்கள். ஐம்பத்திரண்டாம் வருசம் இவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது.

"ராசா கதையெல்லாம் ஆடியாச்சு. நம்ம பெரியவங்க எப்பிடி இங்க வந்தாங்க, காட்டுவழியில என்ன பாடுபட்டாங்க, அத ஆடுவோம்" என்றார்.

"அதப் பாத்து யாருங்க சிரிப்பாங்க?" என்றேன்.

"சிரிக்க வேணாம். தெரிஞ்சுக்கட்டும்."

வேலை விட்டு வந்ததும் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய் உட்கார்ந்துகொள்வார். தோணியில் வந்தது, மன்னார்க் கரையில் இறங்கியது, மாத்தளை வரைக்கும் காட்டுக்குள் நடந்தது, வழியில் வாந்திபேதி வந்து விழுந்தவர்களை விட்டுவிட்டு வந்தது என்று கிழடுகள் ஒவ்வொன்றாகச் சொல்லும். இவர் கேட்டுக்கேட்டுப் பாட்டாகக் கட்டுவார். சொந்த வீட்டில் இருந்த கிழவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் என் மாமனார் ஆண்டியப்பன்.

அவர் வாயைத் திறக்காமல் இருந்ததில் எனக்குச் சந்தோசம்தான். காரணம் இருந்தது. அந்த நாளில் எங்கள் ஆட்களுக்கு நாடு இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்திருந்தால்தான் மகன் இந்த நாட்டான் என்று சட்டம். ஓட்டும் போய்விட்டது. என் அண்ணனுடைய குடியுரிமை மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளைகளுடன், பார்த்தே இராத இந்தியாவுக்கு எப்போது ஏற்றுவார்களோ என்று முழித்துக்கொண்டிருந்தான். இவரும் மனுப் போட்டிருந்தார். மாமா இந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர் என்று அதில் சொல்லியிருந்தோம். பொய்தான். எங்களைக் கேட்காமல் சட்டம் போட்டார்கள், நாங்களும் அவர்களைக் கேட்காமல் பொய் சொன்னோம். பங்குனி மாதம் நுவரெலியாவில் விசாரணை. அதில் மாமா வந்து சத்தியம் செய்தால் நானும் என் இரண்டு பிள்ளைகளும் இந்த மண்ணில் இருக்கலாம். இல்லாவிட்டால் அண்ணன் கதிதான் எங்களுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வெளியே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா வந்து பக்கத்தில் குந்தினார்.

"நான் ஒண்ணு சொல்றேன் தாயி. அவன்கிட்ட நீ சொல்லு" என்றார்.

அப்பன் ஊரில் பஞ்சத்தில் செத்துப்போக, ஏழெட்டு வயதுப் பிள்ளையாக ஆத்தாவோடு, தோட்டத்துக்கு ஆள் பிடித்து வரும் கங்காணியின் கூட்டத்தில் வந்தவர் அவர். மன்னார் தாண்டிக் காட்டுக்குள் ஆத்தாவுக்கு வாந்திபேதி கண்டது. நடக்க முடியவில்லை. கங்காணி அவளை ஒரு பாலை மரத்தடியில் படுக்கவைத்து, ஒரு சிரட்டைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்துவிட்டான். அவள் பின்னாலிருந்து மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம்.

"திரும்பிப் பாத்தேன் தாயி. கையத் தூக்குனா. வான்னு கூப்புட்டாளா, போன்னு சொன்னாளா, இன்னைக்கி வரைக்கும் எனக்கு வெளங்கல. கொள்ளி வைக்கல, ஒரு பிடி மண்ணு போடல. நான் அவளுக்குச் செஞ்சது அந்தத் திரும்பிப் பாத்தது ஒண்ணுதான்."

நான் அரிசியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கூத்துல அத வைக்கட்டும். ஆனா பேர மாத்தக்கூடாது. அவ பேரு காத்தாயி. ஊரு தொறையூருப் பக்கம் கீரம்பூரு. அவ செத்தப்ப யாரும் அவ பேரச் சொல்லி அழுவல. ஒரு தரமாவது நாலு பேரு முன்னாடி ஊரும் பேரும் சொல்லணும். வேற பேர வச்சா அவளுக்குப் போய்ச் சேராது."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இவரிடம் சொன்னபோது, "தோட்டத்து ஆளுங்க நடுவுல ஆடுறது. விசாரண ஐயா நுவரெலியாவுல இருக்காரு. அவருக்கு எப்பிடிடீ தெரியும்?" என்று என்னையே கேட்டார். நானும் சரியென்று விட்டேன். மாமா எங்களிடம் அதுவரைக்கும் ஒரு வேட்டி வேண்டுமென்றுகூடக் கேட்டதில்லை.

கூத்தில் யார் வேசம் கட்டி வந்தாலும் முதலில் கோமாளி மறிப்பான். நீ யார், எந்த ஊர், கூட வருவது யார் என்று கேட்பான். வேசக்காரர் ஊரும் பேரும் பாட்டில் சொன்ன பிறகுதான் கதை நகரும். ராசாவானாலும் சரி, சிவனே ஆனாலும் சரி, சொல்லாமல் களத்துக்குள் நுழைய முடியாது. கோமாளி வேசம் வீரய்யாவுக்கு. காத்தாயி வேசம் மூக்கனுக்கு. மூக்கன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், கை இரண்டும் காய்ப்புக் காய்த்தவை. ஆனால் சேலை கட்டி முக்காடு போட்டு வந்தால் அவன் பெண்டாட்டியே வெட்கப்படுவாள். அக்கரப்பத்தனையில் மஃறூப் நானா கடையில் பழைய சேலை ஒன்று வாங்கி வந்தார்கள். அதை முதன்முதல் கட்டிக் காட்டியபோது மாமா எழுந்து வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்.

திருவிழா ஞாயிறன்று மத்தியானம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கூத்து. வேசக்காரர்கள் கையில் காப்புக் கட்டி, முகத்தில் அரிதாரம் பூசியாகிவிட்டது. அப்போதுதான் பங்களாப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது. முன்னால் எங்கள் பெரிய கணக்கப்பிள்ளை ஓடிவந்தார். விசாரணை ஐயா சுற்றுவட்டாரத் தோட்டங்களைப் பார்க்க வந்திருக்கிறாராம். மாலை போட்டு உட்காரவைத்தால் மனசு இளகும், நம் ஆட்களுக்கு நல்லது என்று கணக்கப்பிள்ளைக்கு நினைப்பு. நல்ல மனசில் செய்ததுதான். அந்த நல்ல மனசை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதோடு விட்டாரா? "இந்தக் கூத்தக் கட்டுனவன் கணேசமூர்த்தி. இவரு அவன் தகப்பன் ஆண்டியப்பன். தோட்டத்துலயே மூத்தவரு" என்று சொல்லி, மாமாவையும் இழுத்து வந்து முன் வரிசையில் ஐயாவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சியில் உட்காரவைத்தார். ஐயா சிங்களவர். தோட்டத்து ஆட்களை விசாரித்து விசாரித்துத் தமிழ் கேட்டால் விளங்கும், பேசத்தான் வராது.

இவர் திரைக்குப் பின்னால் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மூக்கா, பேர மாத்திச் சொல்லுடா. காத்தாயி வேணாம், கீரம்பூரு வேணாம், ஆண்டியப்பன்னு வாயெடுக்காத" என்றார்.

மூக்கன் அரிதாரத்துக்குள் வெளிறிப்போய்த் தலையை ஆட்டினான். கூத்தை நிறுத்தவும் வழியில்லை. காப்புக் கட்டியது அம்மனுக்கு, அவிழ்த்தால் குற்றம் என்று ஊரே நிற்கும்.

மத்தளம் விழுந்தது. முக்காட்டோடு மூக்கன் வந்தான், பிள்ளை வேசத்தில் குள்ள நல்லமுத்து பக்கத்தில். வீரய்யா மறித்துக் கேட்டான்: "யாரம்மா நீ? எந்த ஊரம்மா? கையப் புடிச்சு வர்ற புள்ளைக்குப் பேரென்னம்மா?"

மூக்கன் மாற்றித்தான் சொல்ல நினைத்தான். கூத்து முடிந்த பிறகு எங்கள் காலில் விழுந்து அழுதுகொண்டே அப்படித்தான் சொன்னான். ஆனால் தை மாதம் முழுக்கப் பாடிப் பழகிய வாய் அது. மத்தளத்தில் தாளம் விழுந்ததும் பழகின பாட்டு தானாக வந்துவிட்டது. கீரம்பூரு என் ஊரு, காத்தாயி என் பேரு, ஆண்டியப்பன் நான் பெத்த மகன் என்று களம் முழுக்கக் கேட்கிற மாதிரிப் பாடி முடித்தான்.

மாமாவைப் பார்த்தேன். ஒரு கணம் அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு இருந்தது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அடுத்த கணம் பக்கத்தில் இருப்பது யாரென்று நினைவு வந்துவிட்டது.

ஐயா கையைத் தூக்கினார். மத்தளம் நின்றது. பெஞ்சியைத் தனக்கு எதிராகத் திருப்பிப் போடச் சொன்னார். மாமா களத்துக்கு முதுகைக் காட்டி, ஐயா முகத்தைப் பார்த்து உட்கார வேண்டியதாயிற்று. ஐயா சிங்களத்தில் கேட்டார். கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார்.

"அந்த ஆண்டியப்பன் நீங்கதானான்னு கேக்குறாரு."

"இல்லீங்க."

"பேரு ஒண்ணா இருக்கேங்கிறாரு."

"அது பழனியாண்டவன் பேருங்க. தோட்டத்துல மூணு பேரு இருக்கோம்."

"ஒங்க ஆத்தா பேரு?"

பெண்கள் கூட்டத்தில் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். மாமா என்னைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"மீனம்மாங்க" என்றார்.

மீனம்மா என்னைப் பெற்றவள். போன ஆடியில்தான் செத்துப்போனாள்.

"எங்க செத்தாங்க?"

"இங்கதாங்க. அந்தா, அந்தச் சவுக்கு மரத்துக்குக் கீழதான் பொதச்சிருக்கு."

"அப்ப இந்தக் காத்தாயி யாரு?"

"யாரோங்க. கூத்துக்குன்னு கட்டுன பேரு. எனக்கும் அவளுக்கும் ஒண்ணும் இல்லீங்க."

தோட்டமே அங்கே நின்றது. எல்லாருக்கும் உண்மை தெரியும். ஒருவர்கூட மூச்சுவிடவில்லை.

"ஹரி" என்றார் ஐயா, சரி என்பதைச் சிங்களத்தில். பிறகு கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார்.

"கூத்து நடக்கட்டுமாம். ஒண்ணையும் விடாம ஆடணுமாம். பெரியவரு இங்கயே இருக்கட்டுமாம்."

மத்தளம் மறுபடி தொடங்கியது. ஐயா களத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேரை விசாரித்த மனுசன்! எதற்காகப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. சாமி, இந்தக் கிழவர் தாங்குவாரா என்று அம்மனைக் கும்பிட்டேன்.

தோணி வந்தது, கரை வந்தது, காடு வந்தது. நட்டுவைத்த மரக்கொப்புக்குக் கீழே மூக்கன் படுத்தான். கங்காணி வேசக்காரன் சிரட்டையைப் பக்கத்தில் வைத்தான். நல்லமுத்துவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். இவர் திரையோரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கூப்பிடாமல் விட்டுவிட்டால் ஐயாவுக்குத் தெரிந்துவிடும் என்று மூக்கனுக்குப் பட்டிருக்க வேண்டும். கூப்பிட்டான். சத்தம் குறைத்துக் கூப்பிட்டால் நல்லது என்று நினைத்தானோ என்னவோ, உயிர் போகிறவள் கூப்பிடுகிற மாதிரியே அது இருந்தது.

"ஆண்டியப்பா..."

மாமா இரண்டு கையையும் முழங்காலில் வைத்திருந்தார். முகம் அசையவில்லை.

"ஆண்டியப்பா, ஐயா..."

என் பக்கத்தில் நின்றவள் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மாமாவின் கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அந்தக் கழுத்தைத் திருப்பாமல் வைத்திருக்க அந்த மனுசன் என்ன பாடுபட்டாரோ.

"ஆண்டியப்பா!"

களத்தில் நல்லமுத்து திரும்பிப் பார்த்தான். மூக்கன் கையைத் தூக்கினான். மாமா ஐயாவைப் பார்த்துச் சிரித்தார். கூத்து நல்லாத்தான் இருக்குங்க என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. ஐயாவும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமா வழக்கம்போலக் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். இவர் கட்டிய பாட்டுகளையெல்லாம் மறந்துவிட்டேன் என்றார். பங்குனியில் நுவரெலியாவுக்குப் போய் மாமா சத்தியம் செய்தார். ஐயா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். ஆவணி மாதம் தபாலில் முடிவு வந்தது. நாங்கள் இந்த நாட்டு ஆட்கள் ஆகிவிட்டோம்.

இவர் பிள்ளைகளைத் தூக்கிச் சுற்றினார். நான் சீனி போட்டுத் தேத்தண்ணி ஊற்றி மாமாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். எனக்கும் சந்தோசம்தான், இல்லையென்றால் பொய்.

"நீங்கதான் எங்களக் காப்பாத்துனீங்க மாமா" என்றேன்.

அவர் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். குடிக்கவில்லை.

"சின்னப் புள்ளையில, கங்காணி அடிப்பான்னு தெரிஞ்சும் திரும்பிப் பாத்தேன் தாயி" என்றார்.