பெரியவரை எதிர்த்துப் பன்னிரண்டு பேர்

பொன்னுராஜுக்கு வலது கையில் ஊசி ஏறும். காளீஸ்வரிக்கு இடது கையில். ஊசி ஏறிய கையை நாலு மணி நேரத்துக்கு அசைக்கக் கூடாது. கொஞ்சம் மடக்கினாலும் மிஷின் கத்தும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ஆஸ்பத்திரி மாடியில், ஆறு கட்டில் போட்ட டயாலிசிஸ் அறையில், நாலாவது கட்டில் அவருடையது, ஐந்தாவது அவளுடையது. புதனும் சனியும் காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் ரத்தமும் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பிவர ஆரம்பிக்கும். மிச்சமிருக்கிற கையில் ஆளுக்கொரு போன்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் பிட்டராக இருந்துவிட்டு, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதோடு வேலையை விட்டவர். அவள் மம்சாபுரத்துக்காரி. இருபத்து நாலு வயது. பி.காம். முடித்த வருஷமே படுக்கையில் விழுந்தவள். அவள் அப்பா இருளப்பசாமி பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பக்கத்தில் கொத்து வேலை ஏதாவது இருந்தால் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வருவார்.

முதல் இரண்டு மாதம் பொன்னுராஜ் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். மூன்றாவது மாதம் ஒரு நாள் அந்தப் பெண்தான் பேச்சுக் கொடுத்தாள்.

“அண்ணாச்சி, அந்த ஃபேனுக்கு எத்தன ரெக்கைன்னு இன்னும் எண்ணி முடியலையா?”

அவர் போனை வாங்கி ‘ட்ரோகா’ என்ற கேமை ஏற்றிக் கொடுத்தாள். விதவிதமான விலங்குகள் அதில் உண்டு. தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும், பழக்க வேண்டும், சண்டைக்கு விட வேண்டும். மொத்தம் முந்நூற்றுச் சொச்சம். அவர் முதலில் பிடித்தது வாயில் நெருப்பு வைத்திருந்த ஒரு ஓணான். அதற்கு ‘பாய்லர்’ என்று பேர் வைத்தார். அவள் சிரித்தாள். தன்னிடமிருந்த ஆந்தைக்கு அவள் வைத்திருந்த பேர் ‘தாசில்தார்’. எப்போது பார்த்தாலும் தூங்கும் என்றாள்.

அக்டோபர் பிறந்ததும் அந்தக் கேமில் பெரியவர் வந்து இறங்கினார். பெரியவர் என்பது காளீஸ்வரி வைத்த பேர். கறுப்புப் பாறையில் கையும் காலும் முளைத்த மாதிரி ஓர் உருவம். தனியாக யாரும் மோத முடியாது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர், ஆளுக்கு ஆறு விலங்குகளோடு ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். அதுவும் ஒரே ஒரு தடவை. ஜெயித்தால் பெரியவரே அவர்கள் வசம் வந்துவிடுவார். இருபத்தொன்பதாம் தேதியோடு போய்விடுவார். அந்தத் தேதி புதன்கிழமை.

“அவியளுக்கு மூணு உசுரு அண்ணாச்சி,” என்று காளீஸ்வரி மரியாதையாகத்தான் விளக்கினாள். “ஒவ்வொண்ணு போறப்பவும் ஒரு உறுமல். மொத உறுமல்ல நம்மாளுக பாதி காலி. ரெண்டாவதுல மிச்சம் இருக்கதுல பாதி. மூணாவது உசுருல அவிய தோலு இரும்பாயிரும். அம்புட்டையும் கால் மணி நேரத்துக்குள்ள முடிச்சாகணும்.”

“அப்ப யாரால முடியும்?”

“மெட்ராஸ்ல நாள் பூரா இதையே பாத்துக்கிட்டு இருக்கவங்களால முடியும். நம்மளால என்ன முடியும்னு பாப்போம்.”

பொன்னுராஜுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. மில்லில் ஒரு மிஷின் நின்றால், சூப்பர்வைசர் முடியாது என்று சொன்ன பிறகுதான் அவர் ஸ்பேனரை எடுப்பார். வீட்டிலும் போனும் கையுமாக உட்கார்ந்தார். பாய்லரை முப்பத்தெட்டாம் படியிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு ஏற்றினார். எந்த விலங்கு எதற்கு அசையும், எதற்கு அசையாது என்று பழைய டைரி ஒன்றில் எழுதி வைத்துக்கொண்டார். அவர் மனைவி கிருபாபாய் அதைப் பார்த்துவிட்டு, “இம்புட்டு எழுத்து பைபிளுக்கு எழுதியிருந்தா இந்நேரம் உபதேசியாரா ஆயிருப்பிய,” என்றாள். ஆனால் தடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் எழுந்ததும் ஆசையாகத் தேடின பொருள் அந்தப் போன் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும்.

உறுமலைத் தாங்க ஒரு விலங்கு உண்டு என்று காளீஸ்வரி சொல்லியிருந்தாள். பாசி படிந்த ஆமை. அதை முன்னால் நிறுத்தினால் பின்னால் இருப்பவை தப்பிக்கும். ஆனால் வெளியே நிஜமாக மழை பெய்யும்போது, வீட்டுக்குள் இல்லாமல் நடந்து போனால்தான் அது கண்ணில் படும்.

இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை மத்தியானம், ராஜபாளையத்தில் மழை பிடித்தது. கிருபாபாய் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பொன்னுராஜ் குடையை எடுத்தார். ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனும் என்றால் தொட முடியாது என்று குடையை வைத்துவிட்டார். போனைப் பால் கவருக்குள் போட்டுக்கொண்டு, ஊசி போடுகிற கையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சஞ்சீவி மலை அடிவாரம் வரை நடந்தார். திரையில் நரி வந்தது. தவளை வந்தது. தவளையே ஏழு தடவை வந்தது. மூச்சு வாங்கி ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபோது, திரையின் ஓரத்தில் பச்சையாக ஏதோ ஊர்ந்தது. பிடிக்கிற வலையை வீசினார், தப்பியது. பத்து வலை வீணாகிப் பதினோராவது வலையில் ஆமை உள்ளே போய், மூன்று தடவை ஆடி, நின்றது.

“என்ன அண்ணாச்சி, ஊர்ல இருந்து நல்ல சேதியா?” என்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர் கேட்டார்.

“ஆமா,” என்றார் பொன்னுராஜ்.

அன்றைக்குச் சாயங்காலமே காய்ச்சல் வந்தது. கிருபாபாய் தலையைத் துவட்டிவிட்டாள். “இருக்கது போதாதுன்னு இதையும் இழுத்துட்டு வந்திருக்கிய,” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கேயிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் செத்த நேரம் கேட்டது.

சனிக்கிழமை காய்ச்சல் விட்டிருந்தது. ஊசி ஏறி மிஷின் ஓட ஆரம்பித்ததும், பொன்னுராஜ் போனை நீட்டி ஆமையைக் காட்டினார். காளீஸ்வரி அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“மழையிலயா போனிய?”

“சும்மா தூறல்தான்.”

“என்ன பேரு வச்சிருக்கிய?”

“நீ வை.”

அவள் யோசித்து, ‘சௌந்தரபாண்டியன்’ என்று வைத்தாள். காலேஜில் அவளுக்குக் கணக்குப் பதிவியல் எடுத்த சார் பேர் அது. எவ்வளவு திட்டினாலும் அசையாதவராம். பிறகு இரண்டு பேரும் யார் முதலில் இறங்குவது, யாரைக் கடைசி வரைக்கும் ஒளித்து வைப்பது என்று பேசினார்கள். தாசில்தார் ரெண்டாவது உசுருக்கு. பாய்லர் மூணாவதுக்கு. பேச்சுக்கு நடுவில், குரல் மாறாமல், அவள் சொன்னாள்:

“அம்மா ரிசல்ட்டு வந்துருச்சு அண்ணாச்சி.”

அவள் அம்மா கருத்தம்மாள் சிறுநீரகம் கொடுக்கிறதாகச் சொல்லி, மதுரைக்கு நாலு தடவை வெறும் வயிற்றோடு போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அது பொன்னுராஜுக்குத் தெரியும்.

“என்னாச்சு பாப்பா?”

“சக்கர இருக்காம். எடுக்கக் கூடாதாம். அப்பாவுக்குத்தான் முன்னாலயே முடியாதுன்னுட்டாங்க.”

“பொறவு?”

“பொறவு என்ன, வரிசையில பேரு எழுதி வச்சிருக்கு. எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்.” அவள் திரையை விரலால் தள்ளினாள். “ஆமைய மொத உறுமலுக்கே வெளிய விட்றாதீங்க. அவசரப்படாதீங்க.”

பொன்னுராஜ் சரி என்றார். டைரியில் ஆமை, இரண்டாவது உறுமல் என்று எழுதிக்கொண்டார். இடது கைக்காரர்தான், எழுத்து நன்றாகவே வரும். அன்றைக்கு மட்டும் கோணலாக விழுந்தது.

புதன்கிழமை காளீஸ்வரி வந்து எடை மிஷினில் ஏறியதும், நர்ஸ் வெங்கடேஸ்வரி எண்ணைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

“நாலு கிலோ ஏத்திட்டு வந்திருக்க. தண்ணிய செம்பு செம்பாக் குடிச்சியா?”

காளீஸ்வரி மிஷினை விட்டு இறங்கினாள்.

“எல்லாத்தையும் இன்னைக்கு ஒரே நாள்ல எடுத்தா பிரஷர் எறங்கிரும்ட்டி. தெரியும்ல உனக்கு.”

“தெரியும் அக்கா.”

முகமும் கண்ணிமையும் உப்பியிருந்தன. பொன்னுராஜ் அதைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வேண்டாம்னா விட்ருவோம் பாப்பா,” என்றார்.

“இன்னைக்கு விட்டா எப்ப? நாளைக்கு அவிய இருக்க மாட்டாவ.”

ஒன்பதரைக்கு ஆரம்பித்தார்கள். இரண்டு போன்களிலும் ஒரே நேரத்தில் வானம் கறுத்து, பெரியவர் எழுந்து நின்றார். ஒவ்வொருவருக்கும் இருபது விநாடி. அதற்குள் எதையாவது தொடாவிட்டால் அந்த முறை போய்விடும். முதல் உயிர் நினைத்ததை விடச் சுலபமாகப் போனது. உறுமலில் அவருக்கு இரண்டு, அவளுக்கு மூன்று விழுந்தன. “அம்புட்டுதான், பயப்படாதீங்க,” என்றாள் அவள். தாசில்தார் இறங்கியது. அன்றைக்குத் தூங்காமல் அடித்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த அங்காளம்மாள் கூட, “என்னட்டி, யார அடிக்கிறிய?” என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

இரண்டாவது உறுமலுக்கு முன்னால் பொன்னுராஜ் ஆமையை நிறுத்தினார். திரை வெள்ளையாகி, மறுபடி தெளிந்தபோது, ஆமையும் அதற்குப் பின்னால் இருந்தவையும் அப்படியே நின்றன. பொன்னுராஜ் வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்ததிலிருந்து அந்த அறையில் அவர் அப்படிச் சிரித்ததில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

காளீஸ்வரியின் உதடு வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

“அண்ணாச்சி, காலு இழுக்குது,” என்றாள் மெதுவாக. போன் அவள் மடியிலிருந்து நழுவிக் கட்டில் விளிம்பில் நின்றது.

“சிஸ்டர்,” என்று பொன்னுராஜ் கூப்பிட்டார். இரண்டாவது தடவை கூப்பிடும் முன்னாலேயே வெங்கடேஸ்வரி வந்துவிட்டாள். கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கினாள். காலைத் தூக்கி வைத்தாள். நீர் எடுப்பதை நிறுத்தி, சலைனைத் திறந்துவிட்டாள். இன்னொரு நர்ஸ் வந்து கெண்டைக்காலைப் பிடித்து நீவினாள். காளீஸ்வரியின் கண் பாதி மூடிக் கிடந்தது.

அவள் போன் அவருக்கு எட்டாத தூரமில்லை. மூன்றடி. ஆனால் வலது கையில் இரண்டு ஊசி. எழுந்திருக்க முடியாது. அவர் தன் போனில், அவள் பக்கத்து விலங்குகள் சும்மா நிற்பதைப் பார்த்தார். இருபது விநாடி ஓடும்; அவற்றுக்கு உத்தரவு வராது; பெரியவர் ஒன்றை அடிப்பார். மறுபடி இருபது விநாடி. தாசில்தார் விழுந்தது. அவர் பாய்லரை இறக்கினார். இறக்கினதும் வெட்கமாக இருந்தது; பிள்ளை இப்படிக் கிடக்கிறது, நான் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. அதற்காக விட்டுவிடவும் விரல் கேட்கவில்லை. மூன்றாவது உயிரின் கோட்டில் கால்வாசி குறைந்திருக்கும். பாய்லர் போனது. கடைசியாக ஆமை மட்டும் தனியாக நின்று, ஐந்து அடி வாங்கி, ஆறாவதில் கவிழ்ந்தது.

அரை மணி கழித்துக் காளீஸ்வரிக்கு முகம் தெளிந்தது.

“முடிஞ்சுதா அண்ணாச்சி?”

ஜெயிச்சாச்சு என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் போன் அவள் பக்கத்திலேயே கிடந்தது.

“போச்சு பாப்பா.”

“மூணாவது உசுருல எம்புட்டு?”

“கால்வாசி.”

அவள் தலையை ஆட்டினாள். “நான் முழிச்சிருந்தா அரைவாசி வந்திருக்கும். அதுக்கு மேல வராது. சனிக்கிழமையே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். நம்மாளுக பன்னெண்டு பேரும் ஒருத்தர் சாகாம அடிச்சாக் கூட கால் மணி நேரத்துல தீராது.”

பொன்னுராஜ் தலையை அவள் பக்கம் திருப்பினார்.

“அப்பவே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“ஏட்டி, பொறவு ஏன் சொல்லல?”

“ஆமையக் காட்டுனிய இல்ல, அப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன்.” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “அம்மா மூஞ்சியும் கடைசித் தடவ மதுரைக்குப் பஸ் ஏறுனப்ப அப்படித்தான் இருந்துச்சு. எப்படிச் சொல்ல?”

மழையில் நனைந்தது, காய்ச்சலில் கிடந்தது, அடுப்படியில் கிருபாபாய் அழுதது எல்லாம் அவருக்கு ஒன்றாக வந்து நின்றன. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மூன்று வாரமாக விடிந்ததும் நினைப்பதற்கு ஒன்று இருந்தது. இனி இல்லை என்பது மட்டும்தான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் கேமைத் திறந்தபோது பெரியவர் நின்ற இடத்தில் வெறும் புல் இருந்தது. டிசம்பரில் இன்னொருவர் வரப்போவதாக மேலே விளம்பரம் ஓடியது. இவரை விடப் பெரிய உருவம். பொன்னுராஜ் அதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“நான் கேமையே அழிச்சிட்டேன் அண்ணாச்சி,” என்றாள் அவள். “நீங்க ஆடுங்க.”

“தனியா ஆட ஏலாது.”

“ஆமா,” என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க முயன்றாள், ஊசிக்கை இடம் கொடுக்கவில்லை, மல்லாந்தே கிடந்தாள். பொன்னுராஜ் போனை அணைத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். இரண்டு மிஷின்களும் ஓடின. பத்து மணி ஆக ரொம்ப நேரம் எடுத்தது. பத்தேகால் ஆக அதை விட நேரம் எடுத்தது.

பன்னிரண்டு மணிக்கு இருளப்பசாமி சிமெண்டு படிந்த கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மகளைத் தோளில் பிடித்து எழுப்பிச் செருப்பை மாட்டிவிட்டார். வாசல் வரைக்கும் போன காளீஸ்வரி நின்று திரும்பினாள்.

“புதன்கிழமை வருவியளா அண்ணாச்சி?”

“வராம எங்க போக,” என்றார் பொன்னுராஜ்.