சாப்பாட்டுக்குப் பிறகு

சுகுமாரன் எடுத்த வாந்தி கோப்பி நிறத்தில் இருந்ததால் குணவதி முதலில் பயப்படவில்லை. காலையிலிருந்து அவன் குடித்ததே ஒரு கிளாஸ் 'கோப்பி ஓ'தான். அந்த வாரக் கடைசியில் தைப்பூசம். விரதம் தொடங்கியதிலிருந்து இரவில் ஒருவேளைச் சோறு, பகலில் பாலில்லாத கோப்பி. உள்ளே போனதுதானே வெளியே வரும் என்று எண்ணிக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தூள் தூளாக அடியில் தங்கியது கரையவில்லை. விரலால் தள்ளியபோது ஓரம் சிவப்பாக ஓடியது. திரும்பிப் பார்த்தால் அவன் சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துகொண்டிருந்தான்.

பாடாங் மேஹா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்கு முழங்கால் வலிக்காவிட்டால்தான் அதிசயம். அதோடு வேலைக்கும் போய், விரதமும் இருந்து, காவடியும் எடுக்க வேண்டும் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? மகள் உமாராணி பிரசவத்தில் பிழைத்து வந்ததற்கு மூன்று வருடம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான். இது கடைசி வருடம். வலிக்குக் கடையில் சிவப்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். அது கேட்கவில்லை என்று முனகியபோது, தன் மஞ்சள் மாத்திரையை எடுத்துக் கொடுத்தவள் குணவதிதான். கையுறைத் தொழிற்சாலையில் நின்று நின்று இடுப்பு விட்டுப்போனதற்குக் கிளினிக்கில் கொடுத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு என்று பொட்டலத்தின் மேல் மலாயில் எழுதியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை.

"வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு இருக்குங்க."

"விரதத்துல இருக்கிறவனுக்கு ஏது சாப்பாடு? கோப்பி குடிக்கிறேன்ல, போதும்லா."

முருகனுக்காகப் பட்டினி கிடக்கிறவனை ஒரு மாத்திரை என்ன செய்துவிடும் என்று அவளும் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவன் கேட்காமலே காலையில் கோப்பியோடு இரண்டையும் எடுத்து வைத்தாள். வலி குறைந்து அவன் நிமிர்ந்து நடந்தபோது சந்தோஷப்பட்டாள்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா அவள் கைப்பையிலிருந்து வந்த இரண்டு அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, ரெண்டும் ஒரே வகை மருந்து. கலர்தான் வேற. சேர்த்துப் போடவே கூடாது. அதுவும் வெறும் வயித்துல. உள்ள புண்ணாகி ரத்தம் போகுது." பிறகு அவன் பக்கம் குனிந்தாள். "அங்கிள், வெளிக்குக் கறுப்பா போச்சா?"

சுகுமாரன் கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினான். ஒரு வாரமாகவே, தார் மாதிரி.

"ஏங்க, எங்கிட்ட சொல்லலயே?"

"சொன்னா காவடி எடுக்க விடமாட்டே."

அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அவன்மேல் கொஞ்சம், முருகன்மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் தன்மேல். விடமாட்டேன்தான். விடாமல் இருந்திருப்பேனே.

ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், நிற்காவிட்டால் ஆபரேஷன் என்றார்கள். தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் மிஸ்ஸி கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டையை மாட்டிவிட்டுப் போனாள். புவாசா என்று மலாயில் போட்டிருந்தது. நோன்பாளிக்கும் அதே சொல், நோயாளிக்கும் அதே சொல். அவன் உதடு வெளுத்துக் காய்ந்திருந்தது.

"குணா."

"பேசாதீங்க."

"எனக்குப் பதிலா நீ பால்குடம் எடுத்துடு. வேண்டுதல் இதோட முடிஞ்சிரும். இன்னிலேருந்தே விரதம் இரு."

மரக்கட்டை போலாகிவிட்ட இடுப்பைப் பிளாஸ்டிக் நாற்காலியில் மாற்றி வைத்தாள். டாக்டரம்மா திருப்பிக் கொடுத்த அட்டைகள் மடியிலிருந்த பையில் கிடந்தன. மஞ்சளில் இன்னும் பாதி இருந்தது.

சாப்பாட்டு வண்டி வந்தது. தள்ளி வந்த மலாய்க்காரப் பெண் தலைமாட்டு அட்டையைப் பார்த்துவிட்டு அவனைத் தாண்டினாள். குணவதியின் முகத்தைப் பார்த்ததும் திரும்பி வந்து, மிஞ்சியிருந்த ஒரு தட்டை மேசையில் வைத்து, "மாக்கான்லா அக்கா," என்று சாப்பிடச் சொன்னாள்.

சோறும் மீன் குழம்பும். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. சுகுமாரன் கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவள் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஆவி அடங்கி, குழம்பின் மேல் எண்ணெய் உறையத் தொடங்கியிருந்தது.