தானாக எரியும் விளக்கு

மாப்பிள்ளை அழைப்புக்குப் பேசியிருந்த திறந்த கார் மாலையில் வந்து சேர்ந்தது. ஒரு செருப்பின் நீளம்தான் இருந்தது. கூடவே ஒரு ரிமோட்.

மாப்பிள்ளை சிதம்பரநாதன் மாலையைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தார். சரியாக இருந்தது.

"காலு இடிக்கலையே?" என்றேன்.

"பரவால்லீங்க."

ரிமோட்டை அவருடைய தாய்மாமா திருவேங்கடம் வாங்கிக்கொண்டார். கேட்கவேண்டிய அவசியம் இல்லாதவர்போல வாங்கினார்.

"பொறந்ததுலேர்ந்து நான்தான் ஓட்டுறேன்" என்றார். "இன்னொருத்தர் கைக்குப் பழக்கமில்ல."

நான் மணப்பெண்ணின் அண்ணன். பொம்மை ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதனால் என் தங்கை உமையாள் என்னை மண்டபத்தின் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். கையில் வாழைக்காய் பஜ்ஜி. தலையில் பாதிப் பூ.

"அண்ணே, அவரு வர்றாரா, ஓட்டிட்டு வர்றாங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"இல்ல. பொண்ணு பாக்க வந்தப்ப என்னைப் புடிச்சிருக்கான்னு கேட்டேன். மாமா சொல்றபடின்னாரு. காபி வேணுமான்னு கேட்டேன். அதுக்கும் மாமா சொல்றபடி."

"நல்ல பையன்தானே."

"ரிமோட்ல என்னென்ன பட்டன் இருக்கு?"

"முன்னாடி, பின்னாடி, இடம், வலம்."

"லைட்டுக்கு?"

"இல்ல. வண்டியிலயே லைட் இல்ல."

"அப்ப வை. பட்டன் இல்லாம தானா எரியணும். அவருகிட்ட தானா நடக்குற ஒண்ணையாவது நான் பாக்கணும். இல்லைன்னா காலைல தாலிக்குக் குனிய மாட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு சொன்னாள்.

"அது இருட்டைப் பாத்து எரியும், உமா. அவரைப் பாத்து எரியாது."

"எதையாவது பாத்து எரியட்டும்."

காரை மேசையில் ஏற்றினேன். மாப்பிள்ளை இறங்கவில்லை. சால்டரிங் அயர்ன் சூடாகும்வரை இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம். முன்னால் அரிசி அளவில் இரண்டு வெள்ளை விளக்கு. பின்னால் இரண்டு சிவப்பு. மோட்டாருக்கு மின்சாரம் நின்றதும் சிவப்பு எரியும்படி ஒயரைப் பிரித்துக் கொடுத்தேன். பானட்டில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண் ஒன்றைப் பதித்தேன். வெளிச்சம் இருக்கும்வரை அது சும்மா இருக்கும். இருட்டினால் முன்விளக்கை எரியவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஒயர் இழுக்க இடம் வேண்டியிருந்தது. மாப்பிள்ளை காலைத் தூக்கிக்கொண்டார்.

"சூடு படுதா?"

"உங்க இஷ்டங்க."

ஒரு அட்டைப்பெட்டியைக் காரின் மேல் கவிழ்த்து மூடிப் பார்த்தேன். இடுக்கு வழியே விளக்கு எரிவது தெரிந்தது. உமையாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது பெட்டி" என்றாள். "ஊர்வலத்துல எரியட்டும்."

பிள்ளையார் கோவிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரம், தவில். நடுவில் செருப்பு நீளத்துக்கு மாப்பிள்ளை. பின்னால் மாமா, ரிமோட்டோடு. இரண்டு பக்கமும் டியூப்லைட் தூக்கிகள். கடைசியில் ஜெனரேட்டர் வண்டி. பெண்கள் கீழே பார்த்துப் பார்த்து நடந்தார்கள். ஒருத்தரும் மிதிக்கவில்லை.

தெருவிளக்குகளும் கூட வந்தன. கல்யாணம் என்றால் அவை கூப்பிடாமலே வரும். அடுத்த தெரு விளக்குகளும் சேர்ந்துகொண்டன. பகலைவிட வெளிச்சமாக இருந்தது.

மண்டபம் தெரிந்தது. அப்போது வேகத்தடை எழுந்து நின்றது. மேலிருந்த மஞ்சள் பெயிண்டைத் தட்டிவிட்டது. பார்த்தால் போலீஸ் ஏட்டு.

"வண்டியில முன்லைட் எரியலையே."

"இருட்டினா தானா எரியும் ஏட்டய்யா" என்றேன்.

"இப்ப எரியலையே."

"இப்ப வெளிச்சமா இருக்கு."

"ராத்திரி வெளிச்சமா இருக்குன்னு சொல்றீங்க."

"ஆமாங்கய்யா."

"எழுதிக் குடுத்தாலும் நம்ப மாட்டாங்க. லைட் எரியாத வண்டி என்னைத் தாண்டக் கூடாது."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஜெனரேட்டர்காரரிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்துங்க."

"இதுக்கு நிறுத்துற ஸ்விட்ச் கெடையாது தம்பி. மாப்பிள்ளை மண்டபத்துல எறங்கினா அதுவா நிக்கும்."

தெருவிளக்குகளிடம் கும்பிட்டுக் கேட்டேன். அவை எனக்காகக் குனிந்தன. வெளிச்சம் கூடியது.

மாமா ரிமோட்டைத் தட்டினார். "நாலு பட்டன் போதாதா? லைட் எதுக்கு? நான் பாத்து ஓட்டமாட்டேனா?"

"நீங்க பாப்பீங்க மாமா. தங்கச்சி அவரு பாக்கணும்கிறா."

"அவன் எதுக்குப் பாக்கணும்?"

தவில்காரர் தாளத்தைக் குறைத்தார். மாப்பிள்ளை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்டபம் பொறுமை இழந்து ஒரு வீடு தள்ளிப் போய் நின்றது.

உமையாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அழைப்பில் மணப்பெண் தெருவுக்கு வரக்கூடாது. அவள் வந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். யாரோ ஒரு அத்தை மட்டும், "பூவையாவது முழுசா வச்சுக்கிட்டு வாடி" என்றாள்.

உமையாள் தெருவில் குந்தி உட்கார்ந்தாள். அரக்குப் பட்டு முந்தானையை விரித்தாள். காரையும் மாப்பிள்ளையையும் தன் கால்களையும் சேர்த்து மூடினாள். நானும் தலையை உள்ளே நீட்டினேன். அண்ணன் என்பதால் யாரும் தடுக்கவில்லை.

உள்ளே ஜவ்வாது வாசனை. நல்ல இருட்டு.

முன்விளக்குகள் எரிந்தன. அவள் கால் மெட்டி இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தது.

"எரியுது ஏட்டய்யா" என்று வெளியே சொன்னேன்.

"துணிக்கு மேலயே தெரியுது. போகலாம்" என்றார்.

உமையாள் எழுந்திருக்கவில்லை.

"இது நீ வச்ச கண்ணுதானே, அண்ணே?"

"ஆமா."

"அப்ப இது நீ."

விளக்குகள் அணைந்தன. எரிந்தன. மறுபடி அணைந்து எரிந்தன.

"என்ன, லூஸ் கனெக்‌ஷனா?"

"என் சால்டரிங் விட்டுப் போகாது. இப்படி விட்டு விட்டு எரிய அதுல வழியும் இல்ல."

தலையை வெளியே எடுத்து மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரிமோட் கக்கத்தில் இருந்தது.

"நான் ஒண்ணும் அமுக்கல" என்றார்.

மறுபடி உள்ளே போனேன். விளக்குகள் இன்னும் அணைந்து அணைந்து எரிந்தன. மாப்பிள்ளை ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வேர்த்திருந்தது.

எங்கள் பக்கத்து ரோடுகளில் எதிரே வருகிற வண்டி இப்படி லைட் அடித்தால் ஒரே அர்த்தம்தான். நான் வருகிறேன், நீ ஒதுங்கு.

"ஒதுங்கச் சொல்றாரு" என்றேன்.

"தெரியுது." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "ஒதுங்க மாட்டேன்னு சொல்லு."

"நீயே சொல்லேன். பக்கத்துலதானே இருக்காரு."

அவள் குனிந்தாள்.

"ஒதுங்க மாட்டேங்க."

"பரவால்லீங்க" என்றார் மாப்பிள்ளை. "நான் வர்றேன்."

கார் நகர்ந்தது. நேராக வரவில்லை. ஓட்டிப் பழகாதவர். மாலை ஒரு பக்கம் சாய, ஒரு வளைவு வளைந்து, அவள் கட்டைவிரலில் மெதுவாக இடித்து நின்றது. பின்னால் சிவப்பு எரிந்தது.

"பாத்து" என்றாள் உமையாள். விரலை எடுக்கவில்லை.